மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் காம்பில் கசிவா? வரிசைப்படி செய்ய வேண்டியவை

மார்பகக் குறைப்பு செய்துகொண்ட பெண்களுக்குக் கட்டு மாற்றும் அறையில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். கசிவைக் கண்டு பதறி வருபவர்கள் பெரும்பாலும் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். மஞ்சள் என்றால் சீழ், சிவப்பு என்றால் புற்றுநோய், வெள்ளை என்றால் பால் என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். நிறத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த நீர் எங்கிருந்து வருகிறது? காம்பின் துளையிலிருந்தா, காம்பைச் சுற்றியுள்ள தையலிலிருந்தா? இதற்கு விடை தெரியாமல் எடுக்கும் பரிசோதனையும் மருந்தும் திசை தவறிப் போகும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் பின்பற்றுங்கள்.

1. முதலில், காத்திருக்கக் கூடாத நிலையா என்று பாருங்கள்

பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் மற்ற படிகளை விட்டுவிட்டு, அறுவை செய்த மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கோ அன்றே செல்லுங்கள்.

ஒரு பக்க மார்பகம் மட்டும் சில மணி நேரத்தில் வீங்கி, இறுகி, வலி கூடிக்கொண்டே போனால், உள்ளே இரத்தம் தேங்குகிறது என்று கொள்ள வேண்டும். இது பெரும்பாலும் முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நேரும். தேங்கிய இரத்தம் காம்புக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை நெரிக்கக்கூடும் என்பதால் தாமதம் கூடாது.

காம்போ அதைச் சுற்றியுள்ள கருவட்டமோ நீலம் பாய்ந்து கறுத்துக்கொண்டு வந்தால் அது இரத்த ஓட்டத் தடையின் அடையாளம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பரவிக்கொண்டே போகும் சிவப்பு, நாற்றமடிக்கும் சீழ் ஆகியவை தொற்றைக் காட்டுகின்றன. மூச்சுத் திணறலோ, நெஞ்சுவலியோ, ஒரு காலில் மட்டும் வீக்கமோ வந்தால், கசிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், இரத்தக் கட்டி நுரையீரலை அடைந்திருக்கலாம் என்பதால் உடனே செல்ல வேண்டும்.

2. கையில் வைத்திருக்க வேண்டியவை

கசிவைப் பார்ப்பதற்கு முன்பே இவற்றை எடுத்து வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவையின்போது எழுதப்பட்ட ஆப்பரேஷன் நோட்ஸின் நகல், அகற்றிய திசுவின் பயாப்ஸி அறிக்கை, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல், கடைசி மாதவிலக்குத் தேதி.

ஆப்பரேஷன் நோட்ஸ் ஏன் தேவை என்றால், மார்பகக் குறைப்பில் காம்பு இரண்டு விதமாக இடம் மாற்றப்படுகிறது. பெரும்பாலான அறுவைகளில் காம்பு ஒரு திசுத் தண்டின்மேல் ஒட்டியபடியே மேலே நகர்த்தப்படுகிறது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பால் குழாய்களில் ஒரு பகுதியும் அந்தத் தண்டுக்குள் தப்பித்திருக்கும். மிகப் பெரிய மார்பகங்களில் சில சமயம் காம்பை முழுவதுமாக எடுத்து, தோல் ஒட்டுப் போல் புதிய இடத்தில் பதிக்கிறார்கள். அப்போது பால் குழாய்கள் முற்றிலும் துண்டிக்கப்படுகின்றன. முதல் வகையில் காம்பிலிருந்து பால் வர வழி இருக்கிறது. இரண்டாம் வகையில் தொடக்க வாரங்களில் காம்பில் காணும் ஈரம் அநேகமாக ஒட்டுத் தோலின் மேற்பரப்பிலிருந்து வருவதுதான். எந்த வகை என்று தெரியாமல் மருத்துவரே பாதி ஊகத்தில்தான் பேச முடியும்.

பயாப்ஸி அறிக்கையைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை. அகற்றிய திசுவை நோயியல் பரிசோதனைக்கு அனுப்புவது, எதிர்பாராத புற்றுநோய் அதில் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். பின்னாளில் கசிவு வரும்போது, அன்றைய திசு எப்படி இருந்தது என்பதே மருத்துவர் முதலில் தேடும் தகவல்.

3. கசிவு எங்கிருந்து என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கட்டைப் பிரிக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்த பிறகே இதைச் செய்ய வேண்டும். காம்பை ஒட்டுத் தோலாகப் பதித்தவர்கள் அதன் மேலுள்ள கட்டை மருத்துவர் எடுக்கும்வரை தொடவே கூடாது; ஒட்டு பிடிக்கும் முன் அசைந்தால் காம்பையே இழக்க நேரும்.

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைனில் நனைத்த காஸ் துணியால் பழைய பொருக்கையும் களிம்பையும் மென்மையாக ஒற்றி எடுங்கள். பொருக்கு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். ஈரம் உலர்ந்த பின் இரண்டு துண்டு வெள்ளைக் காஸ் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்று, ஒரு ரூபாய் நாணய அளவில், காம்பின் நுனிக்கு. மற்றது, நடுவில் ஓட்டை போட்ட வளையமாக, கருவட்டத்தின் ஓரத்துத் தையலுக்கு. வளையத்தின் மேல் விளிம்பில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, எந்தப் பக்கம், எத்தனை மணி என்பதையும் எழுதிவிடுங்கள். அதன்மேல் வழக்கமான பிராவை அணிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

நாணயத் துண்டின் நடுவில் மட்டும் புள்ளியாக ஈரம் இருந்தால் கசிவு காம்புத் துளையிலிருந்து வருகிறது. வளையத்தின் ஏதோ ஒரு இடத்தில் நனைந்து, நடுத்துண்டு காய்ந்திருந்தால் கசிவு தையலிலிருந்து வருகிறது. இரண்டும் நனைந்திருந்தால் அரை மணி நேரம் மட்டும் வைத்து மறுபடி பாருங்கள்; முதலில் நனைவது எதுவோ அதுவே ஊற்று.

மூன்று பொருள்கள் இந்தச் சோதனையைப் பொய்யாக்கும். தையலில் தடவும் களிம்பு உடல் சூட்டில் உருகி, மஞ்சள் எண்ணெய் கசிவது போலவே தெரியும். பீட்டாடின் காய்ந்த கறை பழைய இரத்தம் போல் பழுப்பாக இருக்கும். மூன்றாவது மஞ்சள். புண்ணில் மஞ்சள் பூசும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமானது என்பதை அறிவேன். ஆனால் அது தையலுக்குள் துகளாகத் தங்குவதோடு, கசிவின் நிறத்தையும் சிவப்பின் பரவலையும் முழுக்க மறைத்துவிடுகிறது. ஒரு முறை ஒரு தாய் தன் மகளின் கட்டைக் காட்டி, நான்கு நாளாகச் சீழ் வடிகிறது என்று கண்ணீர் விட்டார். சலைனால் ஒற்றியதும் கீழே சுத்தமான, உலர்ந்த தையல். துணியில் இருந்தது பாட்டி தடவிய மஞ்சளும் தேங்காய் எண்ணெயும்.

மார்பகத்தின் கீழ் மடிப்பில் வெயில் காலத்தில் தேங்கும் வியர்வையையும் இந்தக் கணக்கிலிருந்து விலக்குங்கள். அது காம்புக் கசிவு அல்ல.

இந்தப் படியில் செய்யவே கூடாத ஒன்று, காம்பைப் பிதுக்கிப் பார்ப்பது. பிதுக்கினால் அறுவை செய்யாத ஆரோக்கியமான பெண்ணுக்குக்கூடச் சில துளி வரலாம். மேலும், காம்பைத் தொடத் தொடப் பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் உயர்கிறது. நின்றுவிட்டதா என்று தினமும் பிதுக்கிப் பார்ப்பவர்கள் கசிவு நிற்கவிடாமல் தாங்களே அதை வளர்க்கிறார்கள்.

4. அறுவை நடந்த நாளிலிருந்து எண்ணுங்கள்

ஒரே நிறக் கசிவு மூன்றாம் நாளில் இயல்பாகவும் மூன்றாம் மாதத்தில் கவலைக்குரியதாகவும் இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள்கள் இரத்தம் கலந்த மெல்லிய நீர் தையலில் கசிவது எதிர்பார்க்கக்கூடியது. அது அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் வெளிர் மஞ்சளாகி, நாளுக்கு நாள் குறைந்து நிற்க வேண்டும். குறைந்துவந்தது மறுபடி கூடினாலோ, தெளிவாக இருந்தது கலங்கினாலோ, அளவு சொற்பமாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அளவைவிடப் போக்கே முக்கியம்.

ஐந்தாம் நாளிலிருந்து இரண்டாம் வாரம்வரை சாதாரணத் தொற்று வெளிப்படும் காலம். மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு மாதம்வரை கரையாத தையல் நூல், இறந்த கொழுப்பு, மெல்ல வளரும் கிருமிகள் ஆகியவை தலைகாட்டும். ஆறு வாரங்களுக்குப் பின் முதன்முறையாகக் காம்புத் துளையிலிருந்து நீர் வந்தால் அதை அறுவையின் மிச்சம் என்று ஒதுக்காமல், மார்பக நோய்க்கான முழுப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.

5. தையலிலிருந்து வந்தால்

மார்பகக் குறைப்பில் தையல் பிரிய அதிக வாய்ப்புள்ள இடம், காம்பிலிருந்து கீழே இறங்கும் தையலும் மார்பின் அடிமடிப்புத் தையலும் சந்திக்கும் முனை. அங்கே தோலின் இழுவிசை அதிகம், இரத்த ஓட்டம் குறைவு. சிறு திறப்பாக இருந்தால் பெரும்பாலும் கட்டு மாற்றுவதிலேயே மூடிவிடும். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இது தாமதமாகும். நிகோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குவதுதான் காரணம்.

சில வாரங்கள் கழித்துக் கொழகொழப்பான மஞ்சள் எண்ணெய் போன்ற நீர் வந்து, அடியில் கெட்டியான கட்டி தட்டுப்பட்டால், இரத்தம் கிடைக்காமல் இறந்த கொழுப்பு உருகி வெளியேறுவதாக இருக்கலாம். சிறு கொப்புளம் போல் எழும்பி, ஒரு துளி சீழ் விட்டு, நூல் முனை தெரிந்தால் அது உள்தையல் வெளித்தள்ளப்படுவது. நூலை வீட்டில் இழுக்க வேண்டாம். ஆழமான தையலோடு அது இணைந்திருந்தால் காயம் திறந்துகொள்ளும்.

சீழாகவே தெரிந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் சீழைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து அடையாளம் காணும் சோதனைக்கு) எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் மீந்த மாத்திரையை இரண்டு நாள் விழுங்கிவிட்டு வந்தால் கிருமி வளராது. அறிக்கை வெறுமையாக வரும். நோய் மட்டும் இருக்கும். சரியான மருந்து எடுத்தும் வாரக்கணக்கில் ஆறாமல், ஒரு இடம் மூடினால் இன்னொரு இடம் திறக்கிறது என்றால், காசநோய்க் கிருமியின் உறவான வேகமாக வளரும் மைக்கோபாக்டீரியாக்களைச் சந்தேகிக்க வேண்டும். சாதாரணக் கல்ச்சரில் இவை தவறிப்போகலாம் என்பதால், மைக்கோபாக்டீரியாவுக்கான தனிக் கல்ச்சரை மருத்துவர் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். இதைப் பற்றி நீங்களே வாய் திறந்து கேட்பதில் தவறில்லை.

6. காம்புத் துளையிலிருந்து வந்தால்

இப்போது மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். ஒரு பக்கமா, இரு பக்கமுமா? ஒரே துளையிலிருந்தா, பல துளைகளிலிருந்தா? தானாக வந்து உடையை நனைக்கிறதா, அழுத்தினால் மட்டுமா?

இரு பக்கமும், பல துளைகளிலிருந்தும், அழுத்தினால் மட்டும் பால் போலவோ மஞ்சள் பச்சையாகவோ வருவது பெரும்பாலும் ஹார்மோன் அல்லது மருந்து சார்ந்தது. ஒரு பக்கம், ஒரே துளை, தானாக, தெளிந்த தண்ணீர் போலவோ இரத்தமாகவோ வருவது குழாய்க்குள் ஏதோ இருப்பதைக் காட்டுகிறது. முந்தையதற்கு 7ஆம் பகுதியையும் பிந்தையதற்கு 8ஆம் பகுதியையும் பாருங்கள். முதல் சில நாள்களில் காம்பில் தெரியும் இரத்தக் கறை, வெட்டுப்பட்ட குழாயிலிருந்து வருவதாக இருக்கலாம். அது சில நாள்களில் நின்றுவிட வேண்டும்.

7. பால் போல் வந்தால்

மார்பக அறுவைக்குப் பின் பால் சுரப்பது அரிது. ஆனால் நன்கு அறியப்பட்டது. குழந்தை காம்பைச் சப்பும்போது அந்தச் செய்தி விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகள் வழியாக மூளையை அடைகிறது. புரோலாக்டினை அடக்கிவைக்கும் டோபமைன் என்னும் பொருளை மூளை குறைக்கிறது. டோபமைனின் பிடி தளர்ந்ததும் புரோலாக்டின் உயர்கிறது. அறுவையில் இதே நரம்புகள் சீண்டப்படுவதால், உடல் அதையும் பாலூட்டலாக எடுத்துக்கொள்ளக்கூடும். நெஞ்சில் அக்கி வந்தவர்களுக்கும் தீக்காயம் பட்டவர்களுக்கும்கூட இவ்வாறு நேர்வதுண்டு.

சுரந்த பாலுக்கு வெளியேற வழியில்லை என்றால் அது உள்ளே குட்டையாகத் தேங்கி, தையல் வழியாகக் கசியலாம். வெள்ளையாக இருப்பதால் சீழ் என்று நினைத்து வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் இல்லாமல், நாற்றம் இல்லாமல், பால் நிறத்தில் நீர்த்த கசிவு வந்தால், இது பாலாக இருக்குமா என்று கேளுங்கள். நுண்ணோக்கியில் கொழுப்புத் துளிகளைப் பார்த்து உறுதி செய்ய முடியும்.

அடுத்து செய்ய வேண்டியவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கர்ப்பப் பரிசோதனை. வாய்ப்பே இல்லை என்று நீங்கள் நினைத்தாலும் செய்துவிடுங்கள். மற்ற எல்லாச் சோதனைகளின் பொருளும் அதைப் பொறுத்து மாறும். அண்மையில் தாய்ப்பால் நிறுத்தியவரா என்பதையும் சொல்லுங்கள். பால் நிறுத்திச் சில மாதங்களாவது காத்திருந்து அறுவை செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, மாத்திரைப் பட்டியல். அறுவைக்குப் பின் வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் டொம்பெரிடோனும் புரோலாக்டினை உயர்த்துபவை. நெஞ்செரிச்சலுக்கு வெறும் வயிற்றில் போடச் சொல்லும் கேப்ஸ்யூல்கள் பலவற்றில் பான்டோபிரசோலுடன் டொம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கிறது. கேஸ் மாத்திரைதானே என்று அதைப் பட்டியலில் எழுதாமல் விடுகிறார்கள். அட்டையின் பின்புறத்தில் சிறு எழுத்தில் உள்ள பெயரைப் படித்து எழுதுங்கள். ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகளும் புரோலாக்டினை உயர்த்தும், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசியே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, இரத்தத்தில் புரோலாக்டினும் தைராய்டுக்கான டி.எஸ்.எச். அளவும். தைராய்டு குறைந்தால் புரோலாக்டின் உயரும். தூங்கி எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, சிறிது ஓய்வாக அமர்ந்த பின், அன்று மார்பகப் பரிசோதனை எதுவும் நடக்கும் முன் இரத்தம் கொடுங்கள். தூக்கமும் பதற்றமும் காம்பைத் தொடுவதும் அளவைத் தற்காலிகமாக உயர்த்தும். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள். சில ஆய்வக முறைகளில் அது புரோலாக்டின், டி.எஸ்.எச். இரண்டின் முடிவையும் திரித்துவிடும்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்குப் பெரும்பாலான ஆய்வகங்கள் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 25 நானோகிராமை மேல் எல்லையாக வைக்கின்றன. சற்றே உயர்ந்திருந்தால் மருந்தோ அறுவையின் தாக்கமோ காரணமாக இருக்கலாம் என்பதால் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். வேறு காரணம் தெரியாமல் உயர்வு தொடர்ந்தால், குறிப்பாக 200ஐத் தாண்டினால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி உள்ளதா என்று எம்.ஆர்.ஐ. எடுப்பது வழக்கம். தீராத தலைவலியோ பக்கவாட்டுப் பார்வைக் குறைவோ மாதவிலக்கு நின்றுபோவதோ இருந்தால், எண் அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் காபர்கோலின் அல்லது புரோமோகிரிப்டின் மாத்திரையால் பால் சுரப்பை அடக்கலாம். அந்த முடிவு மருத்துவருடையது.

8. ஒரு துளையிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வந்தால்

இத்தகைய கசிவுக்கு மிகுதியான காரணம், பால் குழாய்க்குள் வளரும் பாப்பிலோமா என்னும் சிறு மரு. அது பெரும்பாலும் தீங்கற்றது. குழாய் விரிவடைவதும் காரணமாகலாம். சிறுபான்மையோருக்குப் புற்றுநோய் இருக்கும். வயது கூடக்கூட அந்த வாய்ப்பு கூடும். அறுவை செய்திருக்கிறோம், அதனால்தான் இது என்ற எண்ணம் இங்கே ஆபத்தானது. மார்பகத்தைக் குறைத்தாலும் சுரப்பித் திசு மிச்சமிருக்கிறது, அதில் நோய் வரலாம்.

முப்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், நாற்பதைக் கடந்தவர்களுக்கு மாமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) அல்ட்ராசவுண்டும் சேர்த்து எடுப்பது பொது நடைமுறை. இரண்டிலும் ஒன்றும் தெரியாமல் கசிவு மட்டும் தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. கேட்கலாம். கசிந்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் சோதனையில் செல்கள் இயல்பாக வந்தாலும் அது நோயை விலக்கிவிடாது. அந்த ஒரு தாளை வைத்து நிம்மதியடைந்து மாதக்கணக்கில் இருந்துவிடாதீர்கள்.

காம்பில் அரிப்பும் செதிலும் சேர்ந்து, களிம்புக்கு ஆறாத படை போல் தெரிந்தால், காம்பின் தோலில் வரும் அரிய புற்றுநோயான பாஜெட் நோயை விலக்க பயாப்ஸி தேவைப்படலாம். மார்பகக் குறைப்பு செய்துகொண்ட ஆண்களுக்கும் இந்தப் பகுதி பொருந்தும். ஆணின் காம்பில் இரத்தக் கசிவு எப்போதுமே உடனே காட்ட வேண்டியது.

குழாயை அகற்றும் அறுவை தேவைப்பட்டால், காம்புக்கு இரத்தம் எந்தத் திசுத் தண்டு வழியாக வருகிறது என்று அந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கருவட்டத்தை ஒட்டித் தவறான பக்கத்தில் கீறினால் எஞ்சியுள்ள இரத்த ஓட்டமும் அறுந்து காம்பு இறந்துபோகலாம். 2ஆம் பகுதியில் ஆப்பரேஷன் நோட்ஸை வலியுறுத்தியது இதற்காகவும்தான்.

9. யாரிடம் போவது, என்ன சொல்வது

முதல் ஆறு வாரங்களில் எந்தக் கசிவானாலும் அறுவை செய்த பிளாஸ்டிக் சர்ஜனிடமே முதலில் காட்டுங்கள். உள்ளே என்ன வெட்டினார் என்பது அவருக்குத்தான் தெரியும். அதற்குப் பின் காம்புத் துளைக் கசிவுக்கு மார்பக அறுவை நிபுணரையும், புரோலாக்டின் உயர்ந்திருந்தால் ஹார்மோன் மருத்துவரையும் பாருங்கள். வெளியூரில் அறுவை செய்துகொண்டவர்கள், பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரின் முன் அமர்ந்ததும் கூச்சத்தில் வார்த்தை வராமல் போகிறது. ஏதோ ஈரமாக இருக்கிறது என்ற ஒரு வரியோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் மார்பின் பாரத்தால் பல ஆண்டு தோள்வலியும் கழுத்துவலியும் பொறுத்து, துணிந்து அறுவை செய்துகொண்ட பெண்கள் அவர்கள். தாளில் எழுதிக் கொண்டுபோய் அப்படியே வாசியுங்கள்: "அறுவை முடிந்து 47 நாள். இடது காம்பின் ஒரே துளையிலிருந்து ஐந்து நாளாகத் தானாக வருகிறது. முதலில் தெளிவாக இருந்தது, நேற்றிலிருந்து இளஞ்சிவப்பு. காய்ச்சல் இல்லை." பரிசோதனையின்போது உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. மணி எழுதிய அந்தக் காஸ் துண்டுகளை ஒரு சுத்தமான கவரில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

10. பின்னாளில் மாமோகிராம் எடுக்கும்போது

மார்பகக் குறைப்பு செய்துகொண்டதை ஸ்கேன் மையத்தில் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். தழும்பு, இறந்த கொழுப்பு, அதில் படியும் சுண்ணாம்பு ஆகியவை படத்தில் சந்தேகத்துக்குரிய புள்ளிகளாகத் தெரியும். அறுவைக்கு முன் எடுத்த படமும், காயம் முழுவதும் ஆறிய பின் மருத்துவர் சொல்லும் மாதத்தில் எடுத்த முதல் படமும் கையில் இருந்தால், ஒப்பிட்டுப் பார்த்துத் தேவையற்ற பயாப்ஸியைத் தவிர்க்க முடியும். படத்தின் சி.டி.யை அறிக்கையோடு சேர்த்து வாங்கி, ஆப்பரேஷன் நோட்ஸ் இருக்கும் அதே உறையில் வையுங்கள்.